கைப்பேசியும் கட்டுரையும்: பினாங்குத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பட்டர்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்பக்க அறையில் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்கு எழுத்து வகுப்பு நடத்துகிறேன். தமிழ்ப்பள்ளியில் பல ஆண்டு பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வகுப்பு முடிந்ததும் பிள்ளையை அழைத்துப் போக வரும் அம்மா அப்பாக்கள், வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்கும் கேள்விகள் இவை. நின்றபடி சொல்லும் பதில் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதினேன்.

கைப்பேசியாலதான் பிள்ளை எழுதுறதே இல்ல. அதையே கையில கொடுத்து எழுதச் சொன்னா எப்படி டீச்சர்?

கவலை நியாயமானது. காணொளியைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்து வராது. ஆனால் அதே கைப்பேசியில் ஒலிப்பதிவு இருக்கிறது, படக்கருவி இருக்கிறது, தமிழ் விசைப்பலகை இருக்கிறது. எழுதுவதற்காக இந்த மூன்றையும் தொட்டே பார்க்காத பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். என் வகுப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இன்றைக்கு என்ன செய்யப் போகிறேன் என்று வாயால் சொன்ன பிறகுதான் கைப்பேசி பையிலிருந்து வெளியே வரும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியம். கட்டுரைப் புத்தகத்தில் எழுதியதை யார் படிக்கிறார்கள்? ஆசிரியர் ஒருவர், அதுவும் பிழை பார்க்க. நானும் அப்படித்தான் படித்தேன், நாற்பது புத்தகங்களை ஒரே இரவில். ‘என் செல்லப் பிராணி’ என்ற தலைப்புக்கு மூன்று வரிக்கு மேல் எழுதாத நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், வீட்டுக் கார் அடியில் பூனை குட்டி போட்டதை ஜொகூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு எழுதினான். அம்மாவின் கைப்பேசியில் தட்டி, அம்மாவின் புலனத்திலிருந்து (வாட்ஸ்அப்) அனுப்பினான். சித்தப்பா விடவில்லை. “எத்தனை குட்டி? அப்பா காரை எடுத்தாரா இல்லையா? அப்புறம் எப்படி வேலைக்குப் போனார்?” பிள்ளை இரண்டு முறை திருத்தி எழுதி அனுப்பினான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படிக்க ஓர் ஆள் இருக்கிறார், புரியாவிட்டால் கேட்பார் என்று தெரிந்தால் பிள்ளை எழுதும். அந்த ஆளைப் பிள்ளையிடம் கொண்டுவந்து சேர்ப்பதற்காகத்தான் எனக்குக் கைப்பேசி வேண்டும்.

எந்த வயசுல தொடங்கலாம்?

தமிழ் எழுத்துகள் கையால் எழுதிப் பதியும் வரை தட்டச்சு வேண்டாம். முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளை படம் வரையட்டும், அதைப் படமெடுக்கட்டும், கதையைக் குரலில் பதியட்டும். நீங்கள் கேட்டு ஒரு வரியை எழுதிக் காட்டுங்கள். மூன்றாம் ஆண்டுவாக்கில் விசைப்பலகையைத் தொடலாம். அவசரம் ஒன்றும் இல்லை.

தமிழ்ல தட்டச்சு செய்ய எந்த விசைப்பலகை நல்லது?

பிள்ளைக்கு என்றால் தமிழ்99. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை இது. உயிர் 12உம் இடக்கைப் பக்கம், மெய் 18உம் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 247 எழுத்துகளும் இந்த முப்பது விசைகளோடு புள்ளி, ஆய்தத்திலேயே அடங்கிவிடும். ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் ‘கி’. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்று முதலாம் ஆண்டில் கரும்பலகையில் சொன்னதை, பிள்ளை தன் விரலால் செய்து பார்க்கிறது. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும். இரட்டிக்கும் இடத்தில் முதல் மகரத்துக்குப் புள்ளி தானே விழும். ‘தங்கம்’ எழுதும்போது ங-வுக்குப் பக்கத்தில் க வந்ததும் அதே மாதிரி புள்ளி விழுவதைப் பார்த்து ஒரு மாணவி, “இதுக்கு இனவெழுத்து தெரியுமா டீச்சர்?” என்று கேட்டாள். அன்றைய இலக்கணப் பாடம் அங்கேயே நடந்து முடிந்தது.

ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக மாற்றும் முறை பெரியவர்களுக்கு வசதிதான், நானும் பல காலம் அதில் எழுதியவள். பிள்ளைக்கு அது ஆகாது என்பது என் கருத்து. தமிழ்ச் சொல்லை முதலில் ஆங்கில எழுத்துக்கூட்டலாக நினைத்து, பிறகு தமிழுக்கு வர வேண்டியிருக்கிறது. ண, ன, ந மூன்றும் மனத்துக்குள் ஒரே எழுத்தாகிவிடுகின்றன.

செல்லினம் செயலியில் தமிழ்99 இருக்கிறது. கைப்பேசியில் தமிழ் எழுத 2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று வெளிவந்தது அது. உருவாக்கியவர் நம் நாட்டுக்காரர், முத்து நெடுமாறன். கணினிக்கு முரசு என்ற தமிழ் மென்பொருளை 1985லேயே தந்தவர். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். “மலேசியாக்காரரா டீச்சர்?” ஆமாம் ஐயா, மலேசியாக்காரர்தான்.

குரல்ல சொன்னா அதுவே எழுதிடுதே. அது சோம்பேறி ஆக்காதா?

அதையே கடைசிப் படியாக வைத்தால் ஆக்கும். முதல் படியாக வைத்தால் நல்ல துணை.

கூகுளின் குரல்வழித் தட்டச்சில் 2017 முதல் தமிழ் உண்டு. எழுத உட்கார்ந்தால் திகைத்துப் போகும் பிள்ளை, பேசச் சொன்னால் கொட்டும். பேசட்டும். வருவது எப்படி இருக்கும் என்றால், முற்றுப்புள்ளி இல்லாமல் ஒரே நீளமாக, ‘அப்பறம் அப்பறம்’ என்று பதினைந்து தரம். நடுவில் மலாய்ச் சொல் வந்தால் கருவி தடுமாறி வேறு ஏதோ எழுதும். இந்தக் குழப்பம்தான் எனக்குப் பாடப்பொருள். எங்கே மூச்சு விட்டாய், அங்கே புள்ளி வை. ‘அப்பறம்’ எத்தனை, எண்ணு; மூன்றை மட்டும் விட்டு மற்றதை எடு. கருவி தப்பாகக் கேட்ட சொல் எது, நீ சொன்னது ளகரமா லகரமா, மறுபடி சொல். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே வெட்டித் திருத்தும் பிள்ளைக்கு ‘பிழை’ என்ற சொல் கசப்பதில்லை. சிவப்பு மையால் வேறொருவர் கோடு போடும்போதுதான் கசக்கிறது.

எதைப் பத்தி எழுதச் சொன்னாலும் ‘எனக்கு ஒன்னும் தெரியாது’ங்கிறான்.

அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் தெரிந்தவர் இருப்பார். கைப்பேசியை அவர் முன்னால் வையுங்கள்.

பினாங்கின் பெருநிலப்பகுதியான செபராங் பிறைப் பக்கம் வாழும் நம் குடும்பங்கள் பல ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவைதாம். ஒரு விடுமுறையில் பிள்ளைகளிடம் ஒரே வேலை கொடுத்தேன்: பாட்டியையோ தாத்தாவையோ பத்து நிமிடம் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்துவர வேண்டும். கேள்வி மூன்றுதான் கேட்கலாம். மற்ற நேரம் காது மட்டும். வந்தவற்றைக் கேட்டு எனக்கே கண் நிறைந்தது. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்பு) போனது, மரம் சீவும் உளி தீட்டியது, மங்கில் (பால் வடியும் கிண்ணம்) பால் நிறையுமுன் மழை பிடித்துக்கொண்டது, காண்டாவில் (தோளில் சுமக்கும் கம்பு) வாளியைத் தொங்கவிட்டுத் தோள் காய்த்தது, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) விட்டுவந்தது. பிள்ளைகளுக்கு இந்தச் சொற்களில் ஒன்றுகூடத் தெரியாது.

பிறகு எழுத்து வேலை. ஒலிப்பதிவை அரை நிமிடம் ஓட்டி நிறுத்தி, பாட்டி சொன்னதை அப்படியே எழுதுவது ஒரு வாரம். தெரியாத சொல்லுக்கு மறுபடி பாட்டியிடம் போய் விளக்கம் வாங்கிவருவது அடுத்த வாரம். மூன்றாம் வாரம் தன் நடையில் ஒரு பக்கம். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் பக்கத்தை இப்படித் தொடங்கினாள்: “என் பாட்டிக்கு மழை பிடிக்காது. மழை வந்தால் சம்பளம் வராது.” பள்ளியில் ‘மழைக்காலம்’ கட்டுரைக்கு அவள் எழுதியிருந்த முதல் வரி, ‘மழை இறைவன் நமக்களித்த கொடை’. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பினாங்குத் தீவில் இருப்பவர்களுக்குத் தோட்டம் இல்லை என்றால் தெரு இருக்கிறது. லெபோ பாசாரில் மாலை கட்டுபவரிடம் பேசலாம், மசாலைக் கடையில் பேசலாம், படகில் வேலை செய்த தாத்தாவிடம் பேசலாம். முதலில் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். “ஐயா, உங்க பேச்சைப் பதிவு செய்யலாமா?” என்று அந்நியர் ஒருவரிடம் ஒழுங்காகக் கேட்பதே ஒரு மொழிப்பயிற்சி.

என் மக தமிழை ஆங்கில எழுத்துலதான் தட்டுறா. திட்டணுமா?

திட்ட வேண்டாம். தமிழில்தானே பேசுகிறாள். தோழிகள் எல்லாரும் அப்படி எழுதும்போது அவள் மட்டும் மாற மாட்டாள். வீட்டுக் குழுவில் மட்டும் தமிழ் எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்களும் அதைக் கடைப்பிடியுங்கள். ‘வரும்போது ரொட்டி வாங்கி வா’ என்று நீங்கள் தமிழில் தட்டினால், ‘எத்தனை?’ என்று அவள் தமிழில் தட்டுவாள். அதுவும் எழுத்துதான்.

பேச்சுத்தமிழ்ல எழுதுனா பள்ளியில மதிப்பெண் போயிடுமே?

பிள்ளைக்கு இரண்டு சட்டை உண்டு என்று சொல்லுங்கள், பள்ளிக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று. பாத்திரம் பேசும்போது ‘சாப்ட்டாச்சா’, கதைசொல்லி பேசும்போது ‘சாப்பிட்டான்’. எந்தச் சட்டை எங்கே என்று தெரிந்த பிள்ளைக்கு மதிப்பெண் போகாது. நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. இரட்டைக்கிளவியும் இணைமொழியும் மரபுத்தொடரும் மனப்பாடமாகி, வந்த இடத்திலெல்லாம் ஒட்டப்படுகின்றன. ‘அம்மா சிடுசிடுவெனக் கோபப்பட்டார்’ என்று எழுதிய மாணவனிடம், “உங்கம்மா கோபப்பட்டா என்ன செய்வாங்க?” என்று கேட்டேன். “ஒன்னும் பேச மாட்டாங்க டீச்சர். சட்டி சத்தம் மட்டும் கேக்கும்.” அதை எழுது என்றேன்.

எழுத்துப்பிழை திருத்தி பயன்படுத்தலாமா?

தாராளமாக. எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி என்று இரண்டு இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன, நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதும் தமிழ்க் கணிமை ஆர்வலர் உருவாக்கியவை. ‘அந்தப் பையன்’ என்பதில் ப் ஏன் வந்தது என்று பிள்ளை கேட்கும். கேட்பதற்காகத்தான் கருவி. கருவி காட்டியதை எல்லாம் கண்ணை மூடி ஏற்க வேண்டியதில்லை, ஊர்ப்பெயரையும் தோட்டச் சொல்லையும் அது பிழை என்று சொல்லக்கூடும். ‘சடக்கு’ நமக்குச் சரியான சொல்தான், சாலையைத் தாத்தா அப்படித்தான் சொன்னார்.

செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிசத்துல முழுக் கட்டுரை எழுதித் தருதே, அப்புறம் இவன் ஏன் எழுதணும்?

இந்தக் கேள்வியைப் போன ஆண்டிலிருந்து வாரம் தவறாமல் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது.

முதலில் ஒரு விவரம். சாட்ஜிபிடியைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும், 18க்குக் கீழே என்றால் பெற்றோர் அனுமதி வேண்டும் என்று அந்த நிறுவனமே விதி வைத்திருக்கிறது. ஆகவே தமிழ்ப்பள்ளிப் பிள்ளை தனியாக அதைத் தொடக் கூடாது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், இப்படிச் செய்து பாருங்கள்.

தைப்பூசம் பற்றி அதை ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். காவடி, பால்குடம், பக்தர் வெள்ளம், முருகப் பெருமானின் அருள் எல்லாம் பிழையில்லாமல் வந்தன. அதைத் திரையில் போட்டுப் பிள்ளைகளிடம், “இதில் இல்லாதது என்ன?” என்று கேட்டேன். கைகள் உயர்ந்தன. இரதம் வருமுன் சாலையில் தேங்காய் உடைத்து உடைத்துத் தார் வெள்ளையாகிவிடும். எங்க பக்கத்துவீட்டுச் சீன அங்கிளும் உடைப்பார். தேங்காய்த்தண்ணீர் செருப்புக்குள் போய்ப் பிசுபிசுக்கும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி, எண்ணிக்கொண்டே ஏறினால் நடுவில் கணக்குத் தப்பிவிடும். தண்ணீர்ப்பந்தலில் ரோஸ் சிரப் குடித்து நாக்கு சிவந்துவிடும். பலகை நிறைந்தது. “இப்போ நீங்க எழுதுங்க” என்றேன். அன்று ஒரு பிள்ளைகூட எத்தனை சொல் எழுத வேண்டும் என்று கேட்கவில்லை.

எழுதி முடித்த பிறகு கருவியிடம் போகலாம். “என் கதையைத் திருத்தாதே. படித்துவிட்டு ஐந்து கேள்வி மட்டும் கேள்” என்று சொல்லச் சொல்லுங்கள். ஜொகூர்ச் சித்தப்பா செய்த வேலையை ஓரளவு அது செய்யும். சித்தப்பா இருக்கும்போது அது தேவையில்லை.

இவனுக்கு விளையாட்டு மட்டும்தான் பிடிக்கும்.

அப்படியானால் விளையாட்டை எழுதட்டும். ஸ்க்ராட்ச் என்று ஓர் இலவச நிரல்மொழி, அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்டது. வண்ணக் கட்டங்களை ஒன்றோடொன்று கோத்தால் பூனை நடக்கும், பேசும். பேசுவதைப் பிள்ளை தமிழில் தட்டலாம். ஐந்து முதல் ஏழு வயதினருக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர் உண்டு.

சிறு பேச்சுக்குமிழியில் இடம் குறைவு என்பதால் உரையாடல் சுருங்கி வரும். அதுதான் எனக்குப் பிடித்தது. கொடிமலை இரயிலில் இரண்டு குரங்குகள் சண்டை போடும் கதையை ஒருவன் செய்தான். முதலில் ஒவ்வொரு குரங்கும் நான்கு வரி பேசியது, படிக்குமுன் மறைந்துவிட்டது. வெட்டி வெட்டி, “இது என் இடம்”, “பேர் எழுதியிருக்கா?” என்ற அளவுக்கு வந்தது. நாடகம் எழுதுவதைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இது வந்திருக்காது.

கணினியில் உட்காரப் பொறுமை இல்லாத பிள்ளைக்கு ஸ்டோரிவீவர். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய தளம். தமிழ்க் கதைகள் படிநிலை வாரியாகப் படிக்கலாம். அங்குள்ள ஓவியங்களை எடுத்துச் சொந்தக் கதை கோக்கலாம், ஓவியரின் பெயரைக் குறிப்பிட்டால் போதும். பிறர் உழைப்புக்குப் பெயர் சொல்லும் வழக்கத்தையும் பிள்ளை அங்கேயே பழகிவிடும்.

வீட்ல மடிக்கணினி இல்ல, ஒரே கைப்பேசி. அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவார்.

பாதி வேலை காகிதத்தில்தான் நடக்கிறது. திட்டம், படம், முதல் எழுத்து எல்லாம் அங்கேயே. கைப்பேசி அப்பா வந்த பிறகு அரை மணி நேரம் கிடைத்தால் போதும். பள்ளியில் தந்த டெலிமா கணக்கு (கல்வி அமைச்சு 2020இல் தொடங்கிய இணையக் கற்றல் தளம்) எல்லா மாணவருக்கும் உண்டு. கடவுச்சொல்லை மறந்திருந்தால் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதன்வழி எழுதும் ஆவணம் எந்தக் கணினியில் திறந்தாலும் வரும். பழைய பதிப்புகளும் அதில் சேமிக்கப்பட்டிருக்கும். தான் முதல்நாள் எழுதியதையும் கடைசியாக எழுதியதையும் பிள்ளைக்குத் திறந்து காட்டுங்கள்.

தீவில் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் பினாங்கு மின்னிலக்க நூலகம் இருக்கிறது, 2016இல் திறந்தது, பினாங்கு பிரீ ஸ்கூல் என்ற பழைய பள்ளிக்குப் பக்கத்தில். அந்தப் பிரீ ஸ்கூல் தொடங்கிய 1816ஆம் ஆண்டிலேயே, அப்போது வேறிடத்தில் இருந்த அப்பள்ளியில், இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பும் தொடங்கியது. பிள்ளையோடு போகும்போது அதையும் சொல்லுங்கள்.

எழுதுனதை இணையத்துல போடலாமா?

முகமும் முழுப்பெயரும் பள்ளிச்சீருடையும் வீட்டு எண்ணும் வேண்டாம். பிள்ளையின் பெயரில் சொந்தக் கணக்கும் வேண்டாம். குடும்பக் குழுவே போதுமான அரங்கம். பாட்டியின் கதையைப் போடுமுன் பாட்டியிடம் கேளுங்கள். சில பாட்டிகள் ‘வேண்டாம்பா’ என்பார்கள். அந்தப் பதிவு வீட்டோடு இருக்கட்டும்.

இதெல்லாம் தேர்வுக்கு உதவுமா?

ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021இலும் மூன்றாம் படிவத் தேர்வான பிடி3 2022இலும் எடுக்கப்பட்டுவிட்டன. அந்தத் தேர்வுகளின் அச்சம் இல்லாத இந்த ஆண்டுகளை எழுத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் ஐந்தாம் படிவத்தில் வரும் எஸ்பிஎம் தேர்வின் தமிழ்த்தாளைக் கையால்தான் எழுத வேண்டும். ஆகவே என் வகுப்பில் எதைத் தட்டச்சு செய்தாலும் இறுதிப்படி ஒன்றைக் கையால் எழுதித் தாளில் தர வேண்டும். முணுமுணுப்பார்கள், எழுதுவார்கள்.

நான் மலாய்ப்பள்ளியில படிச்சவ. எனக்கே தமிழ் படிக்கத் தெரியாது. நான் என்ன செய்ய முடியும்?

நீங்கள் கேளுங்கள். படிக்கத் தெரிந்த பெற்றோர் கண்ணால் பார்த்ததும் பிழைக்குப் போய்விடுகிறார்கள். உங்களால் அது முடியாது. கதையைத்தான் கேட்க முடியும்.

‘மழை வந்தால் சம்பளம் வராது’ என்று எழுதிய பெண்ணின் அம்மாவும் உங்களைப் போலத்தான். மகள் தினமும் இரவில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஓர் இடத்தில் அம்மா, “அப்ப அந்த மாசம் என்ன சாப்பிட்டாங்க?” என்று கேட்டிருக்கிறார். மகளுக்குத் தெரியவில்லை. ஒலிப்பதிவிலும் இல்லை. இரண்டு பேருமாக அப்போதே நிபோங் திபாலில் இருக்கும் பாட்டியை அழைத்தார்கள். மரவள்ளிக்கிழங்கு, கடையில் கடன் புத்தகம், கடன் புத்தகத்தில் கிராணியின் (தோட்ட எழுத்தர்) மனைவி இரகசியமாக அடித்துவிட்ட ஒரு கணக்கு என்று பாட்டி பேசிக்கொண்டே போனாராம். சனிக்கிழமை அவள் கொண்டுவந்த கதை இரண்டு பக்கம் நீண்டிருந்தது. அந்த அம்மா இப்போது மகளிடம் தமிழ்99 கற்றுக்கொள்கிறார். போன வாரம் குடும்பக் குழுவில் தன் பெயரைத் தமிழில் தட்டி அனுப்பியிருந்தார். ளகரம் வரவேண்டிய இடத்தில் லகரம். மகள் திருத்தினாள்.